சிலமலைக்கு வந்த இலகு ரயில்

உலகத்தில் தலைநகரங்கள் பல உண்டு. ஆனால் மணக்கிற தலைநகரம் ஒன்றுதான். அது ஏலக்காயின் தலைநகரமான போடிநாயக்கனூர். ஓர் ஊர் தலைநகரம் ஆகிவிட்டால் சில பொறுப்புகளும் கூடவே வந்துவிடுகின்றன. அவற்றில் தலையாயது, ‘நம்மிடம் இலகு ரயில் இல்லையே’ என்று வருந்துவது.

முறைப்படி வருந்துவதற்காகவே ‘போடி இலகு ரயில் வரவேற்புக் குழு’ தோன்றியது. ஏலக்காய் வியாபாரி நூர் முகம்மது அண்ணன் தலைவர். பாண்டியராஜனாகிய நான் செயலாளர். மற்ற எல்லோரும் துணைத் தலைவர்கள். சொந்தமாகக் காரோ ஜீப்போ வைத்திருப்பவர்கள் மட்டுமே குழுவில் சேரலாம் என்று விதி செய்தோம். பொதுப் போக்குவரத்தைப் பற்றி விருப்பு வெறுப்பில்லாமல் யோசிக்க அவர்களால்தான் முடியும்.

“போடிக்குத்தான் ரயில் வருதேப்பா?” என்று சிலர் கேட்டார்கள். வருகிறது. ஆனால் அது கனமான ரயில்.

மாநிலத் தலைநகரிலிருந்து சூர்யபிரகாஷ் என்ற ‘நகர்வியல் வல்லுநரை’ வரவழைத்தோம். அவர் நகர்ந்ததெல்லாம் குளிரூட்டிய காரில்தான் என்றாலும் நகர்வைப் பற்றி அவருக்கு ஆழ்ந்த கருத்துகள் இருந்தன. நூர் முகம்மது அண்ணனின் ஏலக்காய்க் கடையில் வரைபடத்தை விரித்தார். ராசிங்காபுரத்தில் தொடங்கிய சிவப்புக் கோடு சிலமலை, போடி வழியாக மலையேறிப் போடிமெட்டில் முடிந்தது.

“மலையில கொண்டை ஊசி வளைவு நிறைய இருக்கே சார்?” என்றேன்.

“அதுதான் சிறப்பு. வளைவில் முன் பெட்டிக்காரரும் பின் பெட்டிக்காரரும் ஜன்னல் வழியாகக் கைகுலுக்கலாம். சமூக நல்லிணக்கம்.”

“தேவாரம் பக்கம் யானை எறங்கும். குறுக்க வந்துச்சுன்னா?” என்றார் நூர் முகம்மது அண்ணன். “ரயிலு இலகு. யானை இலகு இல்லையே.”

வல்லுநர் கண்ணை மூடி யோசித்தார். “யானைக்குத் தனிப் பெட்டி.”

கைதட்டினோம். ஒரு துணைத் தலைவருக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

மறுநாள் மக்களிடம் கருத்துக் கேட்கச் சிலமலை போனோம். பஸ்சுக்குக் காத்திருந்த பெண்களில் சுருளியம்மாளும் இருந்தார். நூர் முகம்மது அண்ணனின் கடையில் ஏலக்காய் தரம் பிரிக்கிறவர். பக்கத்தில் அவருடைய மகள் பானுப்பிரியா, நிறைமாதத்தை நெருங்கிய வயிற்றோடு, போடி ஆஸ்பத்திரிக்குப் போக நின்றிருந்தாள்.

“அம்மா, உங்கள் ஊருக்கு இலகு ரயில் வரப்போகிறது!” என்றார் வல்லுநர்.

சுருளியம்மாள் திடுக்கிட்டார். “எளவு ரயிலா? யாரு செத்தா?”

“இழவு இல்லம்மா, இலகு!” என்றேன்.

“என்ன எளவோ. இருக்குற பஸ்ச நேரத்துக்கு விடச் சொல்லுங்க சார். வெரசாப் போகலைன்னா முதலாளி வைவாரு.”

முதலாளி என் பின்னால் ஒளிந்துகொண்டார்.

அப்போதுதான் வல்லுநருக்கு அந்த மகத்தான யோசனை உதித்தது. இலகு ரயில் எவ்வளவு தேவை என்று தெரிய வேண்டுமானால், பஸ் இல்லாதபோது மக்கள் என்ன செய்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். பஸ் ஓடினால் ஆய்வு ‘அசுத்தமாகிவிடும்’. ஆகவே பஸ்சை நிறுத்த வேண்டும். குழு ஒருமனதாகத் தீர்மானம் போட்டு மேலே அனுப்பியது. ரயிலுக்காகக் காலங்காலமாக அனுப்பிய மனுக்களுக்குப் பதில் வந்ததில்லை. பஸ்சை நிறுத்தச் சொன்ன மனுவுக்கு மட்டும் உடனே பதில் வந்தது. நிறுத்திவிட்டார்கள்.

ஆய்வு வெற்றி. மக்கள் பால் வண்டியில் தொற்றினார்கள், லோடு ஆட்டோவில் தக்காளிப் பெட்டிகளின் மேல் உட்கார்ந்தார்கள், பலர் நடந்தார்கள். வல்லுநர் காரை அவர்கள் பக்கத்திலேயே மெதுவாக ஓட்டச் சொல்லி, கண்ணாடியை இறக்கி, “நடக்கும் அனுபவம் எப்படி?” என்று கேட்டுக்கொண்டே வந்தார். வார்த்தைகளில் பதில் சொன்னவர்களும் உண்டு. அவற்றை அச்சிட முடியாது.

சுருளியம்மாள் கடைக்கு வந்து சேர்ந்தபோது உச்சி வெயில். நூர் முகம்மது அண்ணன் கொதித்தார்.

“என்னாத்தா இது? ஏலத்துக்குச் சரக்குப் போகணும். காயி அப்பிடியே குமிஞ்சு கெடக்கு. இப்பிடி வந்தா வேற ஆளு பாத்துக்கிற வேண்டியதுதான்.”

“பாருங்க முதலாளி. அந்த ஆளும் நடந்துதான வரணும்? பஸ்ச நிப்பாட்டுனது நீங்கதான்னு ஊரே பேசுது.”

“அது குழுத் தலைவரு நிப்பாட்டுனது. இப்பப் பேசுறது கடை முதலாளி. ரெண்டையும் போட்டுக் கொழப்பாத!”

“சரி. அப்ப முதலாளி அந்தத் தலைவர்கிட்ட கொஞ்சம் சொல்லிவிடுங்க. எம் மகளுக்கு ஆஸ்பத்திரிக்குப் போற நாளு தப்பிப்போச்சு. லோடு ஆட்டோவுல அவளை ஏத்த முடியாது.”

அண்ணன் தாடியைத் தடவினார். அந்த வாரம் வேலைக்கு ஆள் வருவதே நின்றுபோனது. எனவே குழுவின் அவசரக் கூட்டத்தை அண்ணன் கடையிலேயே கூட்டி, உறுப்பினர்கள் ஆளுக்கொரு தட்டு ஏலக்காயைத் தரம் பிரித்தபடி விவாதித்தோம். வல்லுநர் பெரிய காயையும் உடைந்த காயையும் ஒன்றாகக் கலந்துவிட்டு, ‘ஒருங்கிணைந்த அணுகுமுறை’ என்றார். நூர் முகம்மது அண்ணன் தட்டைப் பிடுங்கிக்கொண்டார்.

கூட்டத்தில் ஒரு முடிவு பிறந்தது. ஆய்வு முடிந்ததைக் கொண்டாட, பெருந்திரளான மக்கள் முன்னிலையில் போடி மைதானத்தில் ‘இலகு ரயில் எழுச்சி விழா’. மக்கள் எப்படி வருவார்கள்? பஸ்தான் இல்லையே! மேலே ஒரு வார்த்தை சொன்னோம். விழா என்ற சொல்லுக்கு என்ன சக்தி! விடிந்ததும் ராசிங்காபுரத்திலும் சிலமலையிலும் பஸ்கள் வரிசை கட்டி நின்றன. எல்லாம் கழுவித் துடைத்தவை. சிலவற்றில் இருக்கைகூடக் கிழியவில்லை. இவையெல்லாம் இத்தனை நாள் எங்கே இருந்தன என்று மக்கள் வியந்தார்கள். நாகரிகம் கருதி நான் அந்தக் கேள்வியைக் காதில் வாங்கவில்லை.

சிலமலை முதல் பஸ்சுக்கு நானே பொறுப்பாளர். நாங்கள் நிறுத்திய பஸ்சின் பழைய ஓட்டுநர் காமராஜ்தான் ஓட்டினார். ஏறியவர்களுக்கெல்லாம் ஒரு கொடியும் ஒரு சாப்பாட்டுப் பொட்டலமும் கொடுத்தேன். சுருளியம்மாள் மகளைக் கைத்தாங்கலாக ஏற்றி ஜன்னலோரம் உட்கார வைத்தார். மக்களின் ரயில் ஆர்வத்தைக் கண்டு எனக்குப் புல்லரித்தது.

போடிக்குள் நுழைந்ததும் சுருளியம்மாள் குரல் கொடுத்தார். “காமராசு, ஆஸ்பத்திரிகிட்ட நிப்பாட்டு.”

“நேரா மைதானத்துக்குப் போகச் சொல்லிருக்காக ஆத்தா. எடையில எங்கயும் நிக்கக் கூடாதாம்.”

“மைதானத்துல போயிப் புள்ளை பெறச் சொல்றியா?”

காமராஜ் என்னைக் கண்ணாடியில் பார்த்தார். நான் கொடிகளை எண்ணுவதுபோலக் குனிந்துகொண்டேன். பஸ் நின்றது. தாயும் மகளும் இறங்கினார்கள். அதோடு கட்டு உடைந்தது. “சந்தைகிட்ட ஒரு நிமிசம்ப்பா!” “பாங்க்குல சோலி இருக்கு, ஓரங்கட்டு!” “ஏலக்காய்க் கடைகிட்ட!” காமராஜ் எல்லா இடத்திலும் நிறுத்தினார். அவர் முகத்தில் அப்படி ஒரு மலர்ச்சியை நான் கண்டதில்லை. மைதானத்தை அடைந்தபோது பஸ்சில் இருந்தவை ஒரு செயலாளர், ஓர் ஓட்டுநர், கொடுத்ததுபோக மிஞ்சிய ஒரு குவியல் கொடி. பின்னால் வந்த பஸ்களிலும் அதே கதை.

மேடையில் வல்லுநர் காலி நாற்காலிகளைப் பார்த்து, “திரண்டிருக்கும் பெருமக்களே!” என்று தொடங்கினார். எழுதி வைத்த உரையை மாற்றுவது அவர் வழக்கமில்லை. பாதியில் நூர் முகம்மது அண்ணனுக்குப் போன் வந்தது. கேட்டதும் துள்ளி எழுந்தார்.

“எங்க போறீங்க தலைவரே?” என்றேன்.

“தலைவரு இங்கனதான் இருக்காரு, மாலையை நாற்காலியில வச்சிருக்கேன். முதலாளி மட்டும் போறேன். கடைக்கு ஆளு அம்புட்டும் வந்துருச்சாம்!”

போயே விட்டார். வல்லுநர் மாலைக்கு வணக்கம் சொல்லி உரையை முடித்து, தம் ஆய்வின் இறுதி முடிவை அறிவித்தார். “போக்குவரத்து விழாவுக்கே மக்கள் வரவில்லை. ஆகவே இப்பகுதி மக்களுக்குப் போக்குவரத்தில் நாட்டமில்லை.” உடனே காரில் ஏறித் தலைநகருக்குத் திரும்பினார். ஆய்வு முடிந்தது என்று மேலே எழுதி, பஸ்சை மறுபடி விடச் சொல்ல வேண்டியவரும் அவர்தான் என்பது கார் மறைந்த பிறகே எங்களுக்கு நினைவு வந்தது.

மாலையில் மக்களைத் திருப்பிக் கொண்டுபோய் விட பஸ்கள் நின்றன. எல்லோரும் சந்தைப் பைகளும் மருந்துப் பொட்டலங்களுமாக, கொடியை மறக்காமல் பிடித்தபடி, ஒழுங்காக வந்து ஏறினார்கள். பானுப்பிரியாவின் முகம் தெளிந்திருந்தது. பிள்ளை நல்லபடியாக இருக்கிறதாம்.

சுருளியம்மாள் படியில் கால் வைத்தவர் என்னிடம் திரும்பினார். “விழா ரொம்ப நல்லா இருந்துச்சுண்ணே.”

“நீங்க விழாவுக்கே வரலையேம்மா!”

“அதான் சொல்றேன். அடுத்த விழா என்னைக்கு? டாக்டரம்மா ரெண்டு வாரங் கழிச்சு வரச் சொல்லிருக்காக. அன்னைக்கே வச்சிருங்கண்ணே, புண்ணியமாப் போகும்.”

குழுவின் செயல்பாட்டுக்கு மக்களிடமிருந்து கிடைத்த முதல் பாராட்டு அது. அதை நன்றியோடு ஏற்று இங்கே பதிவு செய்கிறேன். ஆஸ்பத்திரிக்குப் போக ஒரு பஸ் கேட்டால் ‘இல்லை’ என்றும், கைதட்டப் பஸ் கேட்டால் ‘எத்தனை வேண்டும்’ என்றும் சொல்கிற நாட்டில், கர்ப்பிணிப் பெண்ணை மருத்துவரிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்காக, ஓடிக்கொண்டிருந்த பஸ்சை நிறுத்திவிட்டு விழா எடுக்கத் தெரிந்தவர்கள் எங்களைப்போல வேறு யார் இருக்கிறார்கள்?