ஊறுகாய்க் கடையும் ஓர் ஆலோசகரும்

கண்காட்சிக்கு வருகிறவர்களில் வாங்க வருகிறவர்கள் உண்டு, வேடிக்கை பார்க்க வருகிறவர்கள் உண்டு, மழைக்கு ஒதுங்குகிறவர்களும் உண்டு. இந்த மூன்றிலும் சேராத ஒருவர் இருக்கிறார். அவர்தான் ஆலோசகர். யாரும் அவரை நியமிக்கவில்லை. சம்பளமும் இல்லை, ஆனால் ஒருநாளும் லீவு போடமாட்டார். கைகளைப் பின்னால் கட்டி, வயிற்றை மேசை விளிம்பில் லேசாகச் சாய்த்து, பொருளை விட்டுவிட்டு அதை விற்கிறவரின் முகத்தைப் பார்த்து ஒரு பெருமூச்சு விடுவாரே, அவரேதான்.

மங்கையர்க்கரசிக்கு அவர் குமாரவேல் என்ற உருவில் வந்து வாய்த்தார்.

அவள் புளத்கொகுபிட்டிய பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிறவள். 2003ஆம் ஆண்டு டவுன் மைதானத்தில் மூன்று நாள் கைத்தொழில் கண்காட்சி நடந்தபோது, அவளுக்கும் ஒரு மேசையும் மேலே ஒரு தகரமும் கிடைத்தன. நாற்பது போத்தல் எலுமிச்சங்காய் ஊறுகாய் கொண்டுவந்து அடுக்கினாள். கொண்டுவந்ததை விற்றுத் தீர்க்கிறவர்களுக்கு ஞாயிற்றுச் சந்தையில் நிரந்தரமாக இடம் என்று சொல்லியிருந்தார்கள். அது கிடைத்தால், விடியுமுன்னே அட்டைகள் காலைக் கடிக்க மரத்துக்கு மரம் ஓடவேண்டியதில்லை.

முதல் நாள் காலையிலேயே குமாரவேல் வந்துவிட்டார். தோட்டத்து ஆபிசில் முப்பது வருஷம் கிளாக்கராக இருந்து ஓய்வு பெற்றவர்.

"என்னம்மா, போத்தலுக்கு லேபல் இல்லையே?"

"எழுதி ஒட்டியிருக்கேங்க ஐயா."

"அது எழுத்து. நான் சொல்றது லேபல்."

ருசி பார்க்க வைத்திருந்த தட்டில் ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டார். உப்பு கூட என்றார். இன்னொரு துண்டு. உறைப்புப் பத்தாது. மூன்றாவது துண்டுக்குப் பிறகு, "எல்லாஞ் சரி, கொஞ்சம் புளிக்குது" என்றார். எலுமிச்சங்காய் புளிக்காமல் வேறென்ன செய்யும்? ஆனால் கிளாக்கர் ஐயாவிடம் அதை யார் கேட்பது? ஐயாவைக் கண்டால் தலையாட்டியே பழகிய கழுத்து அவளுடையது. மேசைக்கு நீலத்துணி விரிக்க வேண்டும், மேசையையே வாசல் பக்கம் நகர்த்த வேண்டும், சதுரப் போத்தல் வாங்க வேண்டும், கொழும்புக்கு எழுதிப்போட்டால் எக்ஸ்போர்ட்டே பண்ணலாம் என்று அவர் அடுக்க அடுக்க, வாங்க வந்தவர்கள் அவருடைய தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்துவிட்டுப் பக்கத்துக் கடைக்குப் போனார்கள். அன்று விற்றது ஆறு போத்தல். அதுவும் ஐயா தேத்தண்ணி குடிக்கப் போயிருந்த நேரத்தில்.

இரண்டாம் நாள் வரக்காப்பொலயில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் ஒரு சிங்கள அம்மா வந்தார். "நங்கி, மேக்க கீயத?" என்று விலை கேட்டு, ஒரு டசன் வேண்டுமென்று கையாலும் காட்டினார். மங்கையர்க்கரசி வாயைத் திறக்குமுன் குமாரவேல் முந்திக்கொண்டார். இது இன்னும் சரியாக ஊறவில்லை, அடுத்த மாதம் புது லேபலோடு வரும் என்று சுத்தமான சிங்களத்தில் விளக்கினார். இவ்வளவு நேர்மையான மனிதரா என்று அந்த அம்மா மெச்சிவிட்டு, வெறுங்கையோடு போனார்.

மங்கையர்க்கரசிக்கு அழுகை முட்டியது. அழுதால் அதற்கும் யோசனை சொல்வாரே என்று அடக்கிக்கொண்டாள்.

அன்று போனது நாலே போத்தல். மூன்றாம் நாள் மேசையில் இன்னும் முப்பது. ஐயா வந்ததும் அவளே முந்திக்கொண்டாள்.

"ஐயா, நான் சொன்னா யாருங்க கேக்குறா? நீங்க இப்பிடி உள்ள வந்து செத்த நேரம் வித்துக் காட்டுங்களே."

ஐயா பூரித்துப்போய் மேசைக்கு அந்தப்பக்கம் போனார். அவள் ஓரமாக வந்து நின்றாள். கால்மணி நேரம் ஆகவில்லை, ஓய்வுபெற்ற பள்ளிக்கூட அதிபர் றஊப் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு வந்து சேர்ந்தார். ஒரு துண்டை எடுத்து மென்றார்.

"குமாரவேல், உப்புக் கூடிப்போச்சே. போத்தல இப்பிடியா அடுக்குற?"

"உப்பெல்லாம் அளவாத்தான் இருக்கு."

"மேசைக்கு ஒரு பச்சைத் துணி…"

"வாங்குறதுன்னா வாங்கும், இல்லாட்டி வழிய விட்டு நில்லும்!"

மங்கையர்க்கரசியின் தொண்டையில் மூன்று நாளாகச் சிக்கிக் கிடந்த வார்த்தை அது.

சத்தம் கேட்டுக் கூட்டம் கூடிவிட்டது. றஊப்பைத் தோற்கடிக்காமல் விடக்கூடாது என்ற வெறியில் ஐயா, "இந்த டிஸ்ட்ரிக்லயே இப்பிடி ஒரு ஊறுகா கெடையாது, திண்டு பாருங்க!" என்று தமிழிலும் சிங்களத்திலும் மாறிமாறிக் கத்தினார். தின்று பார்த்தவர்கள் வாங்கினார்கள். பிற்பகலுக்குள் மேசை துடைத்துவிட்டது போலாகிவிட்டது. கடைசிப் போத்தலை ரோஷத்தோடு வாங்கியவர் றஊப்தான். சந்தையில் அவளுக்கு இடம் தருவதாக அன்று மாலையே ஒலிபெருக்கியில் பெயர் வாசித்தார்கள்.

"பாத்தியா? நான் சொன்னபடி செஞ்சதாலதான் வித்திச்சி" என்றார் ஐயா, வேர்வையைத் துடைத்தபடி.

"ஆமாங்க ஐயா. ஞாயித்துக்கெழம உங்களுக்குன்னு ஒரு போத்தல் எடுத்து வக்கவாங்க?"

"ஐயோ, எனக்குப் பிரஷர்மா. ஊறுகாயே ஆகாது."

இதுவரை வாசித்துவந்த உங்களிடம் ஒரு கேள்வி. அவள் அவரை முதல் நாளே விரட்டியிருக்கலாம், விலையைப் பெரிதாக எழுதி மாட்டியிருக்கலாம், எலுமிச்சையோடு மாங்காயும் போட்டிருக்கலாம் என்று ஒருதரமாவது உங்களுக்குத் தோன்றியதா? தோன்றியிருந்தால், தயவுசெய்து கொஞ்சம் தள்ளி நில்லுங்கள். உங்களுக்குப் பின்னால் வாங்க வந்தவர்கள் காத்திருக்கிறார்கள்.