மூவார் முகத்துவாரத்தில் பறிபோன தலைப்பாகை

மூவார்,
12 மார்ச் 1934

பெருமதிப்பிற்குரிய பத்திராதிபர் அவர்கள் சமூகத்துக்கு, படகுத்துறை மளிகைக்கடை லெட்சுமணன் வணங்கி எழுதுவது. மைத்துனர் குடும்பம் நீங்கலாக, இங்கு யாவரும் க்ஷேமம். தங்கள் அச்சு இயந்திரமும் அவ்வண்ணமே நலமாக இருக்கும் என்று நம்புகிறேன்.

சென்ற மாதம் தங்கள் பத்திரிகையில் ‘ஆற்றங்கரையான்’ என்பவர் எழுதிய ‘மூவாரில் காணத்தக்கவை’ என்ற கட்டுரையைக் கடையில் உரக்கப் படித்தேன். அச்சில் வந்தது பொய்யாகாது என்று நம்பி, கூலாய்த் தோட்டத்துக் கங்காணியான என் மனைவியின் தம்பி காளியப்பனையும் அவர் மகன் ஜெயபாலனையும் ஊர் பார்க்க வரவழைத்தேன். பார்த்த கையோடு ஜெயபாலனுக்கு என் மகள் வெள்ளையம்மாளைப் பேசி முடிப்பதாக ஏற்பாடு. அவள் மதராஸில் பி.ஏ. தேறியவள்; நான்கு பேர் எதிரில் வாய் திறக்க மாட்டாள். இந்தக் கடிதத்தையும் நான் சொல்லச் சொல்ல அவள்தான் எழுதுகிறாள்.

‘காலை எட்டு மணிக்கு நீர்நாய்கள் கூட்டமாக வந்து விளையாடும்’ என்று கட்டுரையில் இருந்தது. மகளையும் சேர்த்து நாங்கள் நால்வரும் பதினோரு மணி வரை வெயிலில் நின்றோம். வந்தது ஒன்றே ஒன்று. அதுவும் விளையாட வரவில்லை, எங்கள் கட்டுச்சோற்றிலிருந்த பொரித்த மீனைத் தூக்கிப் போக வந்தது. தொலையட்டும் என்று, ‘குரங்குகள் மரியாதை மிக்கவை, கடலையைக் கையால் வாங்கிக்கொள்ளும்’ என்ற இடத்துக்குப் போனோம். மச்சான் குனிந்து கடலையை நீட்டினார். குரங்கு கடலையை விட்டுவிட்டு அவர் தலைப்பாகையைப் பிடுங்கிக்கொண்டு மரத்தில் ஏறிவிட்டது. ஏறினதோட நிக்கலை, தன் தலையில வச்சும் பார்த்துச்சு. அவரைவிட அதுக்கு நல்லாத்தான் இருந்துச்சு. வெள்ளையம்மா, இதை எழுதாதே.

அதுக்குள்ள ஜெயபாலன், “மாமா, முதலை! முதலை!”ன்னு அலறிக்கிட்டு அதே மரத்துல ஏறிட்டான். ‘சேற்றில் கட்டை போலக் கிடப்பது முதலை’ன்னு உங்க ஆள் எழுதியிருந்தாரே! எங்களைக் கூட்டிட்டு வந்த படகோட்டி மலாய்க்காரர், “பியாவாக் லா!”ன்னு சிரிச்சார். அது வெறும் உடும்புதான்னு எங்க எல்லாருக்கும் விளங்கிடுச்சு, மரத்துல இருந்தவனுக்கு மட்டும் விளங்கலை. உச்சியில தலைப்பாகையோட குரங்கு, கீழ்க்கிளையில ஜெயபாலன். மச்சான் அண்ணாந்து பார்த்து, “இறங்குடா!”ன்னார். ரெண்டும் இறங்கலை.

“ஏன் மச்சான், பொண்ணு காட்டக் கூப்பிட்டீங்களா, குரங்கு காட்டக் கூப்பிட்டீங்களா? உங்க பொண்ணு சிரிச்சதையும் நான் பார்த்தேன்”னு சொல்லிட்டு அன்னிக்கே பஸ் ஏறிட்டார். சம்பந்தம் போச்சு. என் மகள் சிரிக்கிற பொண்ணே இல்லை, ஐயா.

ஆகவே அந்த ஆற்றங்கரையானின் உண்மைப் பெயரையும் விலாசத்தையும் மறு தபாலில் அனுப்ப வேண்டியது. எந்த ஊரில் ஒளிந்திருந்தாலும் நேரில் போய் நாலு கேள்வி கேட்காமல் விடமாட்டேன்.

தங்கள் சந்தாதாரர்கள் பெருகவும், அவர்தம் தலைப்பாகைகள் தலையிலேயே நிலைக்கவும் பிரார்த்திக்கும்,
லெட்சுமணன்

பி.கு.: ஐயா, அப்பா கையெழுத்துப் போட்டுவிட்டுக் கடைக்குப் போய்விட்டார். இதை எழுதுவது வெள்ளையம்மாள். ஆற்றங்கரையான் நான்தான், வீட்டில் யாருக்கும் தெரியாது. ஜன்னல் வழியாக மட்டுமே பார்த்த குரங்குகளைப் புகழ்ந்தது என் தவறு. ஆற்றங்கரையான் ரங்கூனுக்குப் போய்விட்டதாகத் தயவுசெய்து பதில் எழுதிவிடுங்கள். அப்பாவுக்கு அவர் மேல்தான் கோபம், அச்சின் மேல் இல்லை. அடுத்த மாதம் பத்து பகாட் ஊரிலிருந்து இன்னொரு வரன் வருகிறது. ஆகையால் ‘மூவாரில் மேலும் காணத்தக்கவை’ என்ற கட்டுரையை ‘கடலோரத்தான்’ என்ற பெயரில் இத்துடன் அனுப்பியிருக்கிறேன். அதற்குள் அச்சில் வந்தால் உதவியாக இருக்கும். முன்னதைத் தெரியாமல் எழுதினேன். இதைத் தெரிந்தே எழுதியிருக்கிறேன்.