போனவர்களுக்கும் ஒரு டிக்

நான் வேலையை விட்டு ஊர் சுற்றக் கிளம்பியது ஒரு வெள்ளிக்கிழமை. அடையாள அட்டையை வாங்கிக்கொண்டார்கள், மடிக்கணினியை வாங்கிக்கொண்டார்கள், நான் எழுந்த சூடு ஆறுவதற்குள் நாற்காலியைப் பக்கத்து மேசைக்காரர் இழுத்துக்கொண்டார். வாங்காமல் விட்டது ஒன்றுதான்: கம்பெனிக் கணினியில் என் பெயரில் இருந்த அதிகாரம். காரணம், எங்கள் மேலாளர் ஒரு தனி இனம். அந்த இனத்துக்கு நான் வைத்திருக்கும் பெயர், ‘இருக்கட்டுமே.’

இவர்களை நீங்கள் பார்க்காமல் இருந்திருக்க முடியாது. மை தீர்ந்த பேனா, காலி செய்த வீட்டின் சாவி, எந்தப் பூட்டுக்கென்றே தெரியாத சாவி, செத்துப்போன கைப்பேசியின் சார்ஜர், என்றோ குழாய் மாட்டிவிட்டுப் போனவரின் எண் என்று எதைத் தூக்கிப் போடச் சொன்னாலும், தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, பசு கன்றைப் பார்ப்பதுபோல் அதைப் பார்த்து, “இருக்கட்டுமே” என்பார்கள். வீட்டில் என்றால் பரண் நிறையும். அலுவலகத்தில்?

எங்கள் மருந்துக் கிடங்கில் யார் எந்தத் திரையைத் திறக்கலாம், யார் எதற்கு ஒப்புதல் தரலாம் என்று மூன்று மாதத்துக்கு ஒருமுறை சரிபார்க்க வேண்டும். ஆளுக்கு ஆள் தனித்தனி அனுமதி. பட்டியல் அனுமார் வால். சார் ஒரு கையில் காபியோடு மறு கையால் டிக் அடித்துக்கொண்டே போவார். ஓய்வுபெற்றுப் போன கணக்காளருக்கும் ஒரு டிக்.

“சார், அவர் ரிடையர் ஆயிட்டாரே?”

“நல்ல மனுஷன்மா. இருக்கட்டுமே.”

நான் விடுவேனா? ஆளுக்கு அனுமதி என்பதை வேலைக்கு அனுமதி என்று மாற்றினேன். ஒரு சின்ன வேலைக்கு வேண்டிய அனுமதிகளெல்லாம் சேர்ந்து ஒரு டப்பா. சின்ன டப்பாக்கள் பெரிய டப்பாவுக்குள். ‘ஸ்டோர் தலைவர்’ என்ற பெரிய டப்பாவுக்குள் சரக்கு பார்ப்பது, அனுப்புவது, அங்குள்ளவர்களுக்கு லீவு தருவது எல்லாம் அடக்கம். இனி சார் பதில் சொல்ல வேண்டியது ஒரே கேள்விக்குத்தான்: இந்த ஆள் இன்னும் இந்த வேலையில் இருக்கிறாரா?

சார் நெகிழ்ந்துபோனார். “பிரமாதம்மா. முன்னாடி நானூறு டிக்கு படிக்காம போடணும். இப்போ ஒம்பது டிக்குதான் படிக்காம போடணும்.”

ஸ்டோர் தலைவர் நாற்காலி அப்போது காலி. ஆள் வரும்வரை அந்த டப்பா என் பெயரில் இருந்தது. கிளம்பும் நாளில் ஞாபகப்படுத்தினேன்.

“என் பேரை எடுத்துடுங்க சார்.”

“போற பொண்ணை எதுக்கும்மா துரத்தணும்? சுத்திட்டுத் திரும்பி வருவே. இருக்கட்டுமே.”

பக்கத்தில் நின்ற ஸ்டோர் அக்காவுக்குப் பகீரென்றது. கடல் தாண்டி இருக்கும் அவருடைய மகளுக்கு அப்போதுதான் மசக்கை.

“அப்போ பிரசவத்துக்கு எனக்கு யாரு சார் லீவு குடுப்பா?”

“அதுக்கு இன்னும் எவ்வளவோ நாள் கிடக்கும்மா” என்றார் சார்.

சிரிக்கிறீர்களா? நன்றாகச் சிரியுங்கள். சிரித்து முடித்ததும், உங்கள் வீட்டு வைஃபை கடவுச்சொல் யார் யாரிடம் இருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். விவாகரத்தாகிப் போன மாப்பிள்ளை குடும்பக் குழுவில் இன்னும் காலை வணக்கம் அனுப்புகிறாரா? நீக்கினால் தப்பாக நினைப்பாரே என்று உங்கள் தலை இப்போது லேசாக ஒரு பக்கம் சாய்கிறதா? நேராக வையுங்கள்.

மலை, கடல், பாலைவனம் எல்லாம் சுற்றிவிட்டுப் போன வாரம்தான் திரும்பினேன். பர்ஸின் மூலையில் பழைய சிம் கிடந்தது. தூக்கிப் போடாமல் ஏன் வைத்திருந்தேன் என்று கேட்காதீர்கள். மாட்டினேன். மறுநாளே ஸ்டோர் அக்காவின் செய்தி வந்தது:

“பாப்பா, இன்னைக்குத்தான் உன் நம்பருக்கு ரிங் போச்சு. என் லீவு உன் பேர்லயே நிக்குது. சாரைக் கேட்டா, அவ வந்துடுவா, இருக்கட்டுமேங்கறார். பிரசவத்துக்குக் கேட்ட லீவு. பேத்தி குப்புற விழுந்துட்டா. தவழறதுக்குள்ள ஓகே பண்ணிடு.”