கண்ணீர் மல்க வெளியேறிய நாற்காலிகள்

நடக்காததை நடந்ததாக எழுதக் கூடாது என்று பத்திரிகைக்காரர்கள் எல்லோருக்கும் தெரியும். எழுதிவிட்டு, அது நடக்க வேண்டிய இடத்தில் போய் உட்காரவும் கூடாது என்பது எனக்கு மட்டும்தான் தெரியும். (உட்கார்ந்து பார்த்தவனாச்சே!)

புதுச்சேரியில் பிரெஞ்சுக் கொடி இறங்கி மூன்று நான்கு வருடங்கள் ஆகியிருந்தன. எனக்கு இருபத்து மூன்று வயது. 'கடற்புயல்' என்று மாதம் இருமுறை வரும் நாலு பக்க ஏட்டுக்கு நான் ஆசிரியர். தலையங்கம் நான், நிருபர் நான், 'தங்கள் தலையங்கம் கண்டு மெய்சிலிர்த்தேன்' என்று எழுதும் வாசகரும் நானே. விற்பனை மட்டும் லூர்து அண்ணன். ஊர்க் கோடியில் உப்பளம் என்ற சேரிக்காரர், பஞ்சாலைத் தொழிலாளி. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து ஜனங்கள் வெளியே வரும்போது கோயில் வாசலில் நின்று விற்பார். அவர் குரலுக்குப் பயந்தே சிலர் வாங்கினார்கள்.

எங்கள் பங்குக் கோயிலில் ஒரு வழக்கம் இருந்தது. பெரிய குடும்பங்கள் ஏழெட்டுக்கு, பீடத்துக்கு நேர் எதிரே சொந்த நாற்காலிகள். ஒவ்வொன்றின் முதுகிலும் பெயர் பொறித்த பித்தளைத் தகடு. அவர்களுக்குப் பின்னால் மற்ற சாதிக்காரர்கள் பாயில். சேரிக் கிறிஸ்தவர்களுக்குத் தெற்கு வாசல், தெற்குப் பக்கத்து வெறுந்தரை. நடு வாசலில் அவர்கள் கால் படாது. கடவுள் எங்கும் நிறைந்திருக்கிறார் என்று ஞான உபதேசத்தில் சொல்லித் தருவார்கள். மனிதர்கள் எங்கெங்கே நிறைய வேண்டும் என்பதை உபதேசியார் பார்த்துக்கொள்வார்.

அந்த வருடம் புதிதாக வந்த சின்னச் சாமியார் இதற்கெல்லாம் ஒரு முடிவு கட்ட நினைத்தார். பிள்ளைகள் முதன்முதலாக நன்மை, அதாவது நற்கருணை அப்பம், வாங்கும் ஞாயிறன்று, எல்லாப் பிள்ளைகளும் நடு வாசல் வழியாக ஒரே வரிசையில் வர வேண்டும், பெரியவர்கள் எல்லோரும் கலந்து பாயில் உட்கார வேண்டும், நாற்காலிகள் காலியாகக் கிடக்கட்டும் என்றார். நாற்காலிக்காரர்கள் கொதித்துப் போனார்கள். அவர்களுக்குத் தலைவர் ஓய்வுபெற்ற நோத்தேர் முசியே. பிரெஞ்சுக்காரர் காலத்துப் பத்திர அதிகாரி, ஊரில் பாதிப் பத்திரங்களை எழுதிக் கையெழுத்துப் போட்டவர். அவர் சாமியாரிடம் ஒரு நிபந்தனை வைத்தார்.

"சரி சாமி, நாங்க பாயில உக்கார்றோம். ஆனா எங்க ஆளுங்கள்ல ஒருத்தர் நாற்காலியில உக்காந்தாலும் பேச்சு முடிஞ்சிது. அவங்கவங்க பழைய இடத்துக்குப் போயிடணும். நீங்களும் மறுபடி இதப் பத்தி வாயத் தொறக்கக் கூடாது."

சாமியார் ஒப்புக்கொண்டார். அவருக்கு வேறு வழியில்லை.

லூர்து அண்ணன் மகள் புஷ்பத்துக்கும் அன்றுதான் புது நன்மை. அவர் என்னிடம் சொன்னார்: "தம்பி, நான் தெக்கு வாசல்லயே பொறந்து வளந்துட்டேன். எம்பொண்ணு நடு வாசல்ல நடந்து வரணும். அத நான் கண்ணால பாத்துடணும், அவ்ளோதான்."

நான் நெஞ்சை நிமிர்த்தி, "நான் இருக்கேன் அண்ணே" என்றேன். இருந்தேன். அதுதான் விபரீதம்.

அச்சுக்கூடத்தில் எங்களுக்குச் சனிக்கிழமைதான் இடம் கிடைக்கும். விற்பதோ ஞாயிறு. ஆகவே ஞாயிற்றுக்கிழமைச் செய்தியைச் சனிக்கிழமையே எழுதினேன். 'கண்ணீர் மல்க வெளியேறிய நாற்காலிகள்!' என்று தலைப்பு. உள்ளே, செல்வந்தர்கள் மனம் மாறி, விம்மி விம்மி அழுது, தத்தம் நாற்காலியைத் தாமே சுமந்து வெளியே வைத்தார்கள் என்று முக்கால் பக்கம். (காலியாகக் கிடந்தால் போதாதா என்றால் போதாது. எனக்குக் கொஞ்சம் கண்ணீர் வேண்டும்.)

அதோடு நிறுத்தியிருக்கலாம். எங்கள் வீட்டுக்கும் அந்த வரிசையில் ஒரு நாற்காலி உண்டு. அப்பா சைகோனில் பிரெஞ்சுக் கோர்ட்டில் உத்தியோகம் பார்த்தவர், அவர் பெயர் போட்ட நாற்காலி. அவர் காலமான பிறகு அது என்னுடையது. புரட்சியை என் வீட்டிலிருந்து தொடங்க வேண்டாமா? சனிக்கிழமை சாயங்காலம் திருப்புளியோடு கோயிலுக்குப் போய்த் தகட்டைக் கழற்ற ஆரம்பித்தேன். பாதி கழன்றது. அதற்குள் கோயில்பிள்ளை மணியடிக்க வந்துவிட்டார். அவர் இருமிய இருமலுக்கே புரட்சி ஓட்டம் பிடித்தது. தகடு உட்காரும் பக்கமாகக் கொக்கி போல நீட்டிக்கொண்டு நின்றது.

ஞாயிறு காலை. அப்பா சைகோனில் தைத்த கெட்டிக் கோட்டை மாட்டிக்கொண்டேன். நன்மை வாங்குவதற்காக வெறும் வயிறு. பத்திரிகைக் கட்டை லூர்து அண்ணனிடம் கொடுத்துவிட்டு உள்ளே போனேன். கடைசியில் ஓரமாக நின்று சரித்திரத்தைக் குறிப்பெடுப்பது என் திட்டம்.

ஆனால் என் கால்களிடம் அந்தத் திட்டத்தை யாரும் சொல்லவில்லை. தீர்த்தத்தைத் தொட்டேன், சிலுவை போட்டேன், கால்கள் பாட்டுக்கு நடந்தன. ஒரு முழங்காலை மடக்கி வணங்கி, கண்ணை மூடிக்கொண்டு, 'ஆண்டவரே, ஏற்றத்தாழ்வை ஒழிக்க இந்த எளியவனைத் தேர்ந்தெடுத்தீரே' என்று உருகியபடி உட்கார்ந்தேன். வழக்கமான இடம். சுகமாகத்தான் இருந்தது.

கண்ணைத் திறந்தால், சுற்றிலும் எல்லோரும் என் முழங்கால் உயரத்தில் இருந்தார்கள். நோத்தேர், பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்த மாஜி சொல்தா, பெரிய கடைக்காரர் எல்லோரும் பாயில். அவர்களுக்குப் பக்கத்திலேயே உப்பளத்து ஜனங்கள். அத்தனை நாற்காலிகளும் காலி. நிறைந்திருந்தது ஒன்றே ஒன்றுதான், 'கடற்புயல்' ஆசிரியருடையது.

நோத்தேர் முகத்தில் அப்படியொரு மகிழ்ச்சியை அதற்கு முன்னும் பின்னும் நான் பார்த்ததில்லை.

"ஆசிரியரே உக்காந்துட்டாரு! பேச்சு முடிஞ்சிது" என்று எழுந்து தன் நாற்காலியில் தொப்பென்று அமர்ந்தார். இன்னும் இரண்டு பேர் எழுந்தார்கள். பீடத்தருகே சாமியார் வெளுத்துப் போய் நின்றார். நடு வாசலில் வெள்ளை உடுப்பும் மெழுகுவர்த்தியுமாகப் பிள்ளைகள் வரிசை தயாராக இருந்தது. உபதேசியார் அங்கே ஓடி, "புஷ்பம், நீ தெக்கு வாசலுக்கு வாம்மா" என்று அவள் தோளைத் தொடுவதைப் பார்த்தேன். அந்தப் பெண் வாசலருகே நின்ற அப்பாவை ஏறிட்டுப் பார்த்தாள். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. ஆனாலும் எழுந்திருக்கத் தோன்றவில்லை. பெஞ்சின் மேல் ஏற்றப்பட்ட பள்ளிப் பிள்ளை மாதிரி அப்படியே விறைத்துப் போயிருந்தேன்.

லூர்து அண்ணன் பத்திரிகைக் கட்டோடு நடுவழியில் நடந்து வந்தார். எனக்கு மட்டும் சொல்வதாக நினைத்துச் சொன்னார். கோயில் முழுக்கக் கேட்டது.

"தம்பி, எழுந்திரு. பேப்பர்ல வேற மாதிரி போட்டிருக்கு."

எழுந்தேன். நாற்காலியும் எழுந்தது.

தகடு கோட்டின் பின்பிளவில் கொக்கி போட்டுவிட்டது. சைகோன் தையல், கிழியவும் இல்லை. திரும்பினேன். நாற்காலிக் கால் நோத்தேரின் முழங்காலில் இடித்தது. "ஐயோ" என்று எழுந்தார். இன்னொரு கால் என் கணுக்காலைப் பதம் பார்த்தது. வலியில் பொலபொலவென்று கண்ணீர் கொட்டியது. உட்காரவும் முடியாது, நிற்கவும் முடியாது. வெளியே ஓடுவது ஒன்றுதான் வழி.

லூர்து அண்ணன் ஒரு நொடிதான் யோசித்தார். பின்னால் வந்து நாற்காலியின் கால்களைப் பிடித்துக்கொண்டு உரக்கச் சொன்னார்:

"வழி விடுங்க, வழி விடுங்க! ஆசிரியர் அழுதுகிட்டே அவர் நாற்காலிய வெளிய கொண்டு போறாரு!"

நான் அழுதுகொண்டே போனேன். பின்னால் தடதடவென்று சத்தம். மாஜி சொல்தா, எவனாவது அணிவகுத்தால் தானும் அணிவகுக்கும் ஆள். தன் நாற்காலியைத் தோளில் வைத்துக்கொண்டு வந்துவிட்டார். அப்புறம் பெரிய கடைக்காரர். நாலைந்து நாற்காலிகள் வெளியே வந்ததும் நோத்தேர் தனியாக நின்றார். தன் நாற்காலியைப் பார்த்தார், ஜனங்களைப் பார்த்தார், முழங்காலைத் தடவிக்கொண்டே பாயில் உட்கார்ந்தார். புஷ்பம் நடு வாசலில் நடந்து உள்ளே போனாள். லூர்து அண்ணன் என் நாற்காலிக் காலை விடாமல் பிடித்தபடியே அதைப் பார்த்தார். அவர் கண்ணில் வந்ததும் கண்ணீர்தான், அது நிஜம்.

பத்திரிகை ஒன்று மிச்சமில்லாமல் விற்றது. நடந்தது நடந்தபடி, அதுவும் உடனுக்குடனே எழுதியதாக என்னைப் பாராட்டினார்கள். சாமியாரை ஆறு மாதத்தில் எங்கோ மாற்றிவிட்டார்கள். ஆனால் நாற்காலிகள் மட்டும் உள்ளே திரும்பவில்லை.

லூர்து அண்ணனைத் தவிர உண்மை தெரிந்தவர் அம்மா ஒருவர்தான். கோட்டைக் கத்தரித்து என்னை விடுவித்தவர் அவர். "ஊரே உன்னப் புரட்சிங்குது. நீ மாட்டிக்கினுதானடா வந்த?" என்று கேட்டுவிட்டு வீடு முழுக்கச் சொல்லியும்விட்டார். இன்றைக்கும் கல்யாண வீட்டில் நான் எழுந்தால், பேரன் பின்னால் குனிந்து பார்த்து, "தாத்தா, க்ளியர், கெளம்பலாம்" என்கிறான்.

அந்த நாற்காலி எங்கள் வீட்டில்தான் இருக்கிறது. புஷ்பம் தலைமையாசிரியையாகி ஓய்வும் பெற்றுவிட்டாள். கிறிஸ்துமஸுக்கு வந்தால் அதில்தான் உட்காருவாள். போன தடவை கேட்டாள்:

"அண்ணே, உண்மையச் சொல்லுங்க. அன்னிக்குக் கோட்டு மாட்டலன்னா என்னா பண்ணியிருப்பீங்க?"

எத்தனையோ பக்கம் தலையங்கம் எழுதியவன், காபித் தட்டை அவள் முன்னால் நீட்டினேன்.

"சரி வுடுங்க" என்று சிரித்தாள். "அந்தத் தகட்ட மட்டும் கழட்டிடாதீங்க."