எட்டுப் பட்டைத் திரைக்கம்பி

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குள் நான் ஒரு வேட்டைக்காரன் ஆகிவிடுவது என்று தீர்மானித்தேன். பயப்படாதீர்கள். எறும்பு மருந்து தூவக்கூட மனசு வராதவன் நான். இது துப்பாக்கியைச் சும்மா வைத்து ரசிக்கிற வகை வேட்டை.

துப்பாக்கி ஏற்கெனவே வாங்கியாகிவிட்டது. நூறு வயசு தாண்டிய ஐரோப்பிய வேட்டைத் துப்பாக்கி. ஒரு நேரத்தில் ஒரே ஒரு தோட்டாதான். குறி தப்பினால் மடக்கித் திறந்து இன்னொன்று போடுவதற்குள் மான் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுத் தூங்கிவிடும். ஒரே வாய்ப்பு என்பதால் செய்தவன் அங்கம் அங்கமாக இழைத்திருந்தான். எட்டுப் பட்டைக் குழல். கன்னம் வைத்துக்கொள்ள மேடு கடைந்த மரக்கட்டை. பக்கத் தகட்டில் ஒரு கலைமான். அதன் இமையைக்கூடச் செதுக்கியிருந்தான், பாவி.

நான் பல்செட் கட்டுகிறவன். மேல்வரிசை கீழ்வரிசையோடு சரியாக உட்காருகிறதா என்று பார்ப்பதுதான் இருபது வருஷமாக என் பிழைப்பு. பழஞ்சாமான் கடைக்காரர் அந்தத் துப்பாக்கியை மடக்கித் திறந்து மறுபடி மூடிக் காட்டினார். 'க்ளிக்.' அப்படி ஒரு கடிப்பு நான் கட்டிய எந்தப் பல்செட்டுக்கும் வந்ததில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. சுடும் ஊசியை எப்போதோ எடுத்துவிட்டார்கள், இனி சுடாது என்று சான்றிதழும் கொடுத்தார். உரிமையாளர் பெயர் எழுதும் இடத்தைக் காலியாகவே விடச் சொன்னேன். மாட்டிக்கொண்டால் மச்சானுடையது என்று சொல்லிவிடலாமே!

மாட்டிக்கொள்வது யாரிடம் என்று கேட்கிறீர்களா? உங்களுக்குக் கல்யாணம் ஆகவில்லை போலிருக்கிறது.

எங்கள் வீட்டில் ஏற்கெனவே மூன்று சுவர்க்கடிகாரங்கள் மூன்று விதமாக மணி காட்டுகின்றன. கடலில் மூழ்குகிறவர்கள் போடும் பித்தளைத் தலைக்கவசம் ஒன்றும் உண்டு. அதில் என் தலை மாட்டி, எண்ணெய் ஊற்றி இழுத்தார்கள். அன்றைக்கே என் மனைவி சொல்லிவிட்டாள். "இன்னொரு பழஞ்சாமான் இந்த வாசப்படி ஏறிச்சுன்னா, அதோட சேர்ந்து நீங்களும் இறங்கிடணும்." அவள் பார்சல் ஆபீஸில் வேலை செய்கிறாள். கட்டின மூட்டையைக் கையில் தூக்கிப் பார்த்தே உள்ளே என்ன என்று சொல்லிவிடுகிற கை அது.

துப்பாக்கியைப் பட்டறையிலேயே வைத்துக்கொள்ளலாம் என்றால் முதலாளி விடவில்லை. "பல்லு கட்ட வர்றவங்க இதைப் பாத்தா இருக்கிற பல்லும் கொட்டிடும்" என்றார். போதாக்குறைக்குப் பழைய ஆயுத ரசிகர் சங்கத்திலிருந்து கடிதம் வந்துவிட்டது. ஞாயிறு பத்து மணிக்குத் தலைவரே வீட்டுக்கு வந்து பார்ப்பாராம். பிடித்திருந்தால் எனக்கு உறுப்பினர் பதவி. சட்டையில் குத்திக்கொள்ள வெள்ளி மான்தலை. போன தடவை ஒரு வாள் கொண்டுபோய் அவமானப்பட்டேன். வழியில் மழை பெய்து வாளின் சாயம் போய்விட்டது. நாடகக்காரன் வாள்! இந்த முறையும் விட்டால் அந்த மான்தலை எனக்கு இந்த ஜென்மத்தில் இல்லை.

ஆகவே திட்டம் போட்டேன். துப்பாக்கி இரண்டு துண்டாகக் கழலும். துண்டு துண்டாகக் கடத்துவது. ஞாயிற்றுக்கிழமை காலை அவள் சந்தைக்குப் போகும் நேரத்தில் மாட்டி, தலைவரிடம் காட்டி, மறுபடி கழற்றிவிடுவது.

திங்கட்கிழமை குழலைக் காகிதத்தில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்தேன்.

"என்னங்க அது?"

"திரைக்கம்பி."

"அப்பாடா! மூணு வருஷமாக் கேட்டது இன்னிக்குத்தான் காதுல விழுந்துதா?" கையில் வாங்கினாள். தூக்கிப் பார்த்தாள். "கனமா இருக்கே?"

"உறுதியான கம்பி."

"எட்டுப் பட்டையா வேற இருக்கு. முனையில என்ன, சின்ன மேடு?"

"திரை நழுவாம இருக்க."

"பரவாயில்லையே, யோசிச்சுத்தான் செஞ்சிருக்கான். சரி, ஏணியை எடுங்க."

"இப்பவேவா?"

"பின்ன? கம்பி கெட்டுப்போயிடாது?"

சமையலறைச் சுவரில் நானே துளை போட்டேன். தலையெல்லாம் சுண்ணாம்பு. நூறு வருஷப் பெருமைக்குப் பூப்போட்ட திரையை மாட்டிவிட்டு இறங்கினேன். நெஞ்சு பொறுக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை மரக்கட்டை வந்தது.

"இது?"

"உடற்பயிற்சிக் கட்டை. டாக்டர் சொன்னார். தோளுக்கு."

"இந்த ரெண்டு கொக்கி எதுக்கு?"

"விரல் பயிற்சிக்கு."

"மான் எதுக்கு?"

"உற்சாகத்துக்கு."

"நல்லது. தோள் வலியை அலட்சியம் பண்ணக்கூடாது. நாளையிலேருந்து தினம் முப்பது தடவை. நான் பாக்கணும்."

விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று நினைத்தேன். புதன்கிழமை விடிந்ததும் மாடி வராந்தாவில் நிறுத்திவிட்டாள். தோளில் வை, இறக்கு, தோளில் வை. எதிர்வீட்டில் ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர் ஒருவர் இருக்கிறார். அவர் எட்டிப் பார்த்தார்.

"என்ன தம்பி, பட்டாளத்துல சேரப் போறியா?"

"தோள் வலிங்க அண்ணா" என்று என் மனைவியே பதில் சொன்னாள். "நீங்க கொஞ்சம் எண்ணிச் சொன்னீங்கன்னா நான் அடுப்பைப் பாத்துடுவேன்."

மனுஷனுக்கு இதைவிட என்ன வேண்டும்? உள்ளே போய் விசிலை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். ஒவ்வொரு தடவைக்கும் ஒரு விசில். பாதியில் நிறுத்தினால் இரண்டு விசில், அதாவது மறுபடி முதலிலிருந்து. சனிக்கிழமைக்குள் அந்தத் தெருவில் விசில் சத்தம் கேட்டால் என் கை தானாகத் தோளுக்குப் போக ஆரம்பித்துவிட்டது.

ஆனாலும் நான் ஒரே குறியாக இருந்தேன். குழலைத் திரையிலிருந்து விடுதலை செய்யவேண்டும். சனிக்கிழமை நிஜமான திரைக்கம்பி ஒன்றை வாங்கிக்கொண்டு போனேன்.

"பழைய கம்பியை மாத்திடலாம்னு பாத்தேன்."

"எதுக்கு மாத்தணும்? அது ஜம்முனு இருக்கு. இதை ஹால் ஜன்னலுக்குப் போட்டுடுங்க. ஏணி அங்கேயே இருக்கு."

மறுபடி துளை. மறுபடி சுண்ணாம்பு.

ஞாயிறு வந்தது. "இன்னிக்குப் பயிற்சிக்கு லீவு" என்றாள். கட்டையை எங்கே வைத்தாள் என்று தெரியவில்லை. சந்தைக்கும் கிளம்பவில்லை. புதுப் புடவை கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒன்பதரைக்குச் சமையலறைக்குள் நழுவி, நாற்காலிமேல் ஏறித் திரையை விலக்கினேன்.

குழல் இருந்த இடத்தில் தொங்கிக்கொண்டிருந்தது துடைப்பக் கட்டை.

அப்போது அழைப்பு மணி அடித்தது.

தலைவர் வெள்ளை மீசை வைத்த பெரிய மனிதர். சட்டையில் வெள்ளி மான்தலை பளபளத்தது. என் மனைவி நிதானமாக உள்ளே போய்த் துப்பாக்கியைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தாள். மாட்டி, எண்ணெய் போட்டு, துடைத்து, பட்டுத் துணியின்மேல்!

"வாங்க சார். இது ரெட்டை விசை. பின்விசையை இழுத்து வச்சிட்டா, முன்விசை லேசா விரல் பட்டாலே விழுந்துடும். ஒரே தோட்டா இல்லீங்களா, கை அசையக்கூடாதுன்னு செஞ்சிருக்காங்க. குறி பாக்கிற தகடு மடங்கும். கட்டையோட அடியில பாருங்க, மூடி போட்ட அறை. உபரித் தோட்டா வைக்கிறதுக்கு."

அந்த அறையில்தான் சான்றிதழையும் சங்கத்தின் கடிதத்தையும் ஒளித்து வைத்திருந்தேன். உலகத்திலேயே பத்திரமான இடம் என்று நினைத்தேன், முட்டாள்.

"இதெல்லாம் உனக்கு எப்படி..." என்று இழுத்தேன்.

"கடைக்காரர் எங்க ஆபீஸ்லதானே தினம் பார்சல் போடறார். 'சார் துப்பாக்கியைத் துடைக்கிறாரா?'ன்னு போன வாரமே கேட்டார். நான் போய்ப் பக்குவம் எல்லாம் கத்துக்கிட்டு வந்துட்டேன்." குரலைத் தாழ்த்தினாள். "எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானே வாங்கித் தந்திருப்பேனே. அழகா இருக்குங்க, நிஜமாவே."

திட்டியிருந்தால்கூடத் தேவலை.

தலைவர் துப்பாக்கியை மடக்கித் திறந்து மூடினார். 'க்ளிக்.' அவருக்கும் கண் கலங்கியது. "இத்தனை வருஷத்துல இப்படி விளக்கம் கேட்டதில்லைம்மா. சான்றிதழ்?"

நீட்டினாள். காலியாக விட்டிருந்த இடத்தில், நீல மையில், அவள் பெயர் முத்து முத்தாக எழுதியிருந்தது.

"அப்போ சந்தேகமே இல்லை" என்று தலைவர் பையிலிருந்து ஒரு வெள்ளி மான்தலையை எடுத்து அவள் புடவையில் குத்திக்கொள்ளக் கொடுத்தார். "அடுத்த மாசம் கண்காட்சி. மலைமேல மண்டபத்துல. வண்டி போகாது. துப்பாக்கியை ஒருத்தர் தோள்ல தூக்கிட்டு வரணும், ஆள் இருக்கா?"

எதிர்வீட்டு வராந்தாவிலிருந்து விசில் கேட்டது. என் கை தானாகத் தோளுக்குப் போயிற்று.

"தினம் முப்பது தடவை பழக்கியாச்சு சார்" என்றாள் என் மனைவி.