வெந்நீர் அண்ணன் போட்ட மூடி

பிள்ளைகளே, போர் போட்டுத் தண்ணீர் வராமல் போனால் சந்தோஷப்படுகிற மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான். ஆவூர் சாலையில் இரும்புப் பட்டறை வைத்திருக்கும் வெந்நீர் அண்ணன்.

நம் கடலைக்காட்டில் தொள்ளாயிரம் அடி இறக்கியும் புழுதிதான் பறந்தது. உங்கள் அம்மா கருகிய செடிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். அண்ணனோ காய்ச்சல் பார்க்கிற தெர்மாமீட்டரை நூலில் கட்டிக் குழிக்குள் இறக்கினார். நூல்கண்டு தீர்ந்ததும் இழுத்துப் பார்த்து, "தொண்ணூத்தெட்டு" என்றார்.

"அப்ப பூமிக்குக் காய்ச்சல் இல்ல" என்றேன் எரிச்சலோடு.

"இது மேலாப்புல, தம்பி. கீழ போகப்போகக் கொதிக்கும். வெளிநாட்டுல அந்தச் சூட்டுல ஆவி எடுத்து கரண்டு விக்கிறாய்ங்க, போன்ல பாத்தேன். நாளைக்கு கம்பெனிக்காரன் ஒன் வாசல்ல நிப்பான். பைப்பை மட்டும் உருவிராத."

உருவத்தான் இருந்தேன். வறண்ட போரில் எல்லோரும் குழியின் வாயில் இறக்கிய பைப்பை உருவி விற்றுவிட்டு, குழிமேல் சாக்கைப் போட்டுக் கல்லை வைப்பார்கள். பக்கத்துக் காட்டில் அப்படியொரு குழிக்குள் விழுந்த ஆட்டுக்குட்டி இரண்டு நாள் கத்தியது. மூன்றாம் நாள் கத்தவில்லை.

குழியைத் திறந்து போட்டால் சூடு வெளியேறிவிடுமாம். மூடி செய்ய அளவெடுத்துக்கொண்டு போனார் அண்ணன்.

பிறகு சோலார் போட இடம் பார்க்க ஓர் இன்ஜினீயர் வந்தார். அண்ணன் காரை மறித்து, பூமிச் சூட்டில் கரண்டு எடுக்கலாமா என்று கேட்டார்.

"சூடு இருக்குங்க. ஆனா கிலோமீட்டர் கணக்குல தோண்டணும். அடியில பாறையைப் பிளந்து, மேல இருந்து தண்ணி விட்டு ஆவியா எடுக்கணும். தோண்டுற செலவுக்கு கரண்டு வித்துக் கட்டுபடி ஆகாதுங்க. சோலார் மலிவு."

"மேல இருந்து தண்ணி விடணுமா சார்?"

"ஆமாங்க, நிறைய."

அண்ணன் கடலைக்காட்டைப் பார்த்தார். "தண்ணி இருந்தா நாங்க எதுக்கு சார் தோண்டுறோம்?"

டீக்கடையில், "அண்ணே, கம்பெனிக்காரன் பஸ்ஸை விட்டுட்டானாம்ல" என்று கேட்டுக் கேட்டே அவரை விரட்டினார்கள். ஒரு வாரம் பட்டறை திறக்கவில்லை. நானும் பைப்பை உருவ ஆளுக்குச் சொல்லிவிட்டேன்.

ஆள் வருவதற்குள் அண்ணன் இரும்பு மூடியோடு வந்து நின்றார்.

"இன்னும் எதுக்குண்ணே? சூடுதான் வெலை போகாதுன்னுட்டாங்களே."

"சூடு கெடக்குது விடு" என்று குனிந்து, மூடியைப் பைப் வாயில் வைத்து போல்ட்டை முடுக்கினார். "ஒன் புள்ளைக இங்கிட்டுத்தானே வெளாடுதுக."

வந்த ஆளைத் திருப்பி அனுப்பினேன். இனி அண்ணன் நம் வீட்டுக்கு வந்தால், பெரியப்பா என்று கூப்பிடுங்கள்.