கார் இளைக்கிறது

ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் பக்கத்து எடைமேடைக்கு வந்து பாருங்கள். சுண்ணாம்புக்கல் லாரி ஒன்று நிற்கும், அட்டை லோடு ஏற்றிய லாரி ஒன்று நிற்கும், இரண்டுக்கும் நடுவில் தரையோடு தரையாக ஒரு சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் நிற்கும். அதற்குள்ளிருந்து முதலில் ஒரு கால், பிறகு ஒரு பெருமூச்சு, பிறகு ஒரு தொந்தி, கடைசியாக ஒரு மனிதர் வெளியே வருவார். இவருக்கு எடைகுறைப்பார் என்று பெயர் வைத்திருக்கிறேன். பலகாரத்தில் காரச்சேவு மாதிரி, மனிதர்களில் இது தனி ரகம்.

இந்த ரகம் எல்லா ஊரிலும் இருக்கிறது. எங்கள் ஊர் சிவகாசியில் விளைவதற்குக் காரம் கொஞ்சம் கூடுதல். வெடிமருந்தைக் கிராம் கணக்கில் நிறுத்துப் பழகிய வம்சம் அல்லவா? தாத்தாவுக்கு மருந்துத் தராசில் இருந்த கண், பேரனுக்குக் காரின் மேல் வந்துவிட்டது. (தீபாவளிப் பெட்டியில் வெடி எவ்வளவு, அட்டை எவ்வளவு, காற்று எவ்வளவு என்று கேட்டுப் பாருங்கள், அப்போது மட்டும் அந்தத் தராசு வேலை செய்யாது.)

அடையாளத்துக்கு ஒருவரைச் சொல்கிறேன். மணிகண்டராஜ் அண்ணாச்சி. எம். புதுப்பட்டிப் பக்கம் பட்டாசுக் கம்பெனி, சிவகாசியில் வீடு, வயது நாற்பத்து நான்கு, எடை தொண்ணூற்று இரண்டு. கோயமுத்தூரில் யாரோ ஓட்டிச் சலித்த காரை வாங்கி வந்தார். வந்த அன்று அதன் எடை ஆயிரத்து நானூற்று இருபது கிலோ. அன்றிலிருந்து அண்ணாச்சிக்குத் தூக்கம் கெட்டது. எடை குறைந்தால் வேகம் கூடுமாம். வெளிநாட்டில் ரேஸ்காரர்கள் எல்லாம் அப்படித்தான் செய்கிறார்களாம்.

எந்த ரோட்டில் அந்த வேகத்தில் போவார் என்று கேட்காதீர்கள். வேகத்தடை, ஆட்டு மந்தை, ரயில்வே கேட், காயப்போட்ட சோளம் என்று எல்லாம் தாண்டி எங்கள் ரோட்டில் ஆம்புலன்ஸே அறுபதுக்கு மேல் போவதில்லை. அதெல்லாம் ரோட்டின் குற்றம். கார் தயாராக இருக்க வேண்டாமா?

முதலில் பின் சீட்டு போனது. பிறகு தரைவிரிப்பு, பாட்டுப் பெட்டி, ஏ.சி., ஸ்டெப்னி, ஜாக்கி. கண்ணாடியைக் கழற்றி பிளாஸ்டிக் தகடு மாட்டினார். அதை இறக்கவும் முடியாது, ஏற்றவும் முடியாது. ஒவ்வொரு சாமானையும் மெக்கானிக் அய்யாதுரை முன்னால் தூக்கிப் பிடித்து அவர் கேட்கிற கேள்வி ஒன்றுதான்.

“ஏலே, இது எதுக்குலே சும்மா கெடக்கு?”

“அது கதவுப் பூட்டு அண்ணாச்சி.”

“எம்புட்டு இருக்கும்?”

“ஒண்ணேகால் கிலோ.”

“என் கார எவம்லே தொடுவான்? கழட்டு.”

கழற்றியதெல்லாம் சமையலறைத் தராசில் நிறுக்கப்பட்டு நோட்டில் ஏறும். மனைவி ஐஸ்வர்யா பருப்பு நிறுக்கப் போனால் தராசில் ஒரு கைப்பிடியோ திருகாணியோ உட்கார்ந்திருக்கும். காருக்குள் வைக்கச் சொல்லி அந்தம்மா கொடுத்த வெள்ளிப் பிள்ளையாரும் ஒருநாள் தராசில் ஏறினார். நூற்று நாற்பது கிராம்.

“சாமி எல்லா எடத்துலயும் இருக்காரு. கார்ல தனியா எதுக்கு?” என்றார் அண்ணாச்சி.

தத்துவம் சரிதான். அது ஞாபகத்துக்கு வந்த நேரம்தான் சரியில்லை. பிள்ளையார் கோபித்துக்கொள்ளவில்லை. எடையைப் பற்றிப் பேசினால் கோபித்துக்கொள்கிற தெய்வமா அவர்?

கடைசியில் பக்கத்து சீட்டையும் கழற்றினார். “நானும் வரணும்னா எங்கங்க உக்கார?” என்று ஐஸ்வர்யா கேட்டதற்கு அண்ணாச்சி ரொம்பப் பொறுமையாக விளக்கினார். சீட்டு பதினாறு கிலோ, நீ ஐம்பத்தெட்டு, ஆக மொத்தம் எழுபத்து நான்கு, இத்தனை நாள் எவ்வளவு நஷ்டம் பார்த்தாயா? அந்தம்மா பார்த்தார். காரைப் பார்க்கவில்லை, இவரைப் பார்த்தார்.

எடைமேடைக்காரர் மட்டும் ஒருமுறை வாய்தவறிச் சொல்லிவிட்டார். “அண்ணாச்சி, நீங்க கொஞ்சம் எறங்கி நின்னா ஒரேயடியா தொண்ணூறு கிலோ குறையும்லா?” அன்று முதல் அண்ணாச்சி வேறு எடைமேடைக்குப் போகிறார். போகிற வழியில் எட்டு இட்லியும் மூன்று வடையும் சாப்பிடுகிறார். அது நோட்டில் ஏறாது.

இதுவரைக்கும் சிரித்தாயிற்று. இனி பொன்னுத்தங்கத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். அண்ணாச்சிக்கு ஒரே தங்கை. ஆலங்குளத்தில் வாக்கப்பட்டவர். ஒன்பது வருஷம் கோயில் கோயிலாக ஏறி இறங்கி ஒரு பெண் பிள்ளை பிறந்தது. அதற்கு வருகிற வெள்ளிக்கிழமை குலசாமி கோயிலில் மொட்டை, காதுகுத்து. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்த வேண்டும். இது எங்கள் பக்கம் எல்லாருக்கும் தெரிந்த முறை. வளைகாப்புக்கு இந்த மாமன் காரை எடைமேடையில் ஏற்றிப் பார்த்துவிட்டு வந்து சேர்ந்தபோது பந்தி முடிந்து இலை எடுத்துக்கொண்டிருந்தார்கள். அன்றிலிருந்து பொன்னுத்தங்கத்தின் மாமியார் வாயில் ஒரே பாட்டுத்தான்: “ஒங்கண்ணன் வருவாகளா, கார் மட்டும் வருமா?” இந்தத் தடவையும் மடி இல்லாமல் போனால் பொன்னுத்தங்கம் ஆயுசுக்கும் அந்த வீட்டில் தலைநிமிர முடியாது.

போனில் கெஞ்சினார். “அண்ணே, ஒம்பது மணிக்குள்ள காது குத்தணும். நல்ல நேரம் அம்புட்டுத்தான். ஒங்க மடியிலதான் உக்காரணும்.”

“ஏளா, முக்கா மணி நேர ரோடுதான? என் கார் இருபது நிமிசத்துல அங்கன நிக்கும். ஆயிரத்து நூத்தம்பதுக்கு வந்துட்டேன் தெரியுமா?”

“எதுக்குண்ணே வந்துட்டீக?”

“கிலோளா, கிலோ!”

வெள்ளிக்கிழமை விடிந்தது. சீர்த்தட்டு இருபத்தொன்று, வாழைத்தார், குழந்தைக்குப் பட்டுப்பாவாடை எல்லாவற்றையும் ஐஸ்வர்யா குட்டியானை மினி லாரியில் ஏற்றினார். தானும் டிரைவர் பக்கத்தில் ஏறிக்கொண்டார். அது வாரம் முழுக்க லேபிள் லோடு அடிக்கிற வண்டி. “நீ பின்னால மெதுவா வா. நான் முன்னால போயி மடிய விரிச்சு வைக்கேன்” என்று அண்ணாச்சி புறப்பட்டார்.

புறப்படும்போது டேங்கில் பெட்ரோல் மூன்று லிட்டர். ஏன் என்று கேட்பீர்கள். பெட்ரோலும் எடைதானே? லிட்டர் முக்கால் கிலோ. போகிற தூரத்துக்கு எத்தனை லிட்டரோ அத்தனை. வெடிக்கு மருந்து அளக்கிற மாதிரி அளந்து ஊற்றினார். கணக்கில் ரயில்வே கேட்டைச் சேர்க்கவில்லை. கேட்டில் இருபது நிமிஷம். சும்மா நின்றாரா? இன்ஜினை அணைக்காமல் உறுமவிட்டுக்கொண்டே நின்றார். நாலு பேர் திரும்பிப் பார்க்க வேண்டாமா?

சைலன்சரையும் கழற்றியிருந்தார் என்பதைச் சொல்ல மறந்துவிட்டேன். பதினொரு கிலோ. வழியில் ஒரு பட்டாசு ஆலையைத் தாண்டும்போது கார் படபடவென்று வெடித்தது. உள்ளே வேலை செய்த பெண்கள் செருப்பைக்கூடப் போடாமல் அலறிக்கொண்டு வெளியே ஓடிவந்தார்கள். அந்தச் சத்தத்துக்கு எங்கள் பக்கத்தில் வேறு அர்த்தம். அண்ணாச்சியும் கம்பெனி வைத்திருக்கிறவர்தான், அவருக்குத் தெரியாததா? தெரியும். ஆனாலும் தன் காரைப் பார்க்கத்தான் வந்திருக்கிறார்கள் என்று நினைத்துக் கையை ஆட்டிவிட்டுப் போனார்.

கோயிலுக்கு மூன்று கிலோமீட்டர் இருக்கும்போது கார் இருமியது. நின்றது. மணி எட்டரை.

கொஞ்ச நேரத்தில் குட்டியானை வந்து பக்கத்தில் நின்றது.

“என்னங்க ஆச்சு?”

“ஒண்ணுமில்ல. பெட்ரோல்.”

“சரி, ஏறுங்க. இன்னும் நேரம் இருக்கு.”

“கார?”

“பூட்டிட்டு வாங்க.”

பூட்டு சிவகாசியில் இருக்கிறது.

டிரைவர் இறங்கினார். “கயித்தக் கட்டி இழுத்துருவோம் அண்ணாச்சி. முன்னால கொக்கி எங்கன இருக்கு?”

கொக்கி ஒன்றரை கிலோ. அதுவும் சிவகாசியில்தான்.

“இப்படியே விட்டுட்டு வந்தா நாலு பேரு சேந்து தூக்கிட்டுப் போயிருவானுகலே! அம்புட்டு லேசா இருக்கு” என்றார் அண்ணாச்சி. அந்த நேரத்திலும் குரலில் ஒரு பெருமை.

“ஒங்க தங்கச்சி வாசலையே பாத்துக்கிட்டு நிப்பா.”

“அஞ்சு நிமிசம் முன்னப்பின்ன ஆனா காது எங்கயும் ஓடிப் போயிருமா? நீ போ. நான் வாறேன்.”

“தம்பி, வண்டிய எடுங்க” என்று ஐஸ்வர்யா டிரைவரிடம் சொன்னார்.

கோயிலில் குழந்தைக்கு மொட்டை போட்டுச் சந்தனம் பூசியாயிற்று. ஆசாரி ஊசியோடு உட்கார்ந்திருந்தார். ஒன்பதாக ஐந்து நிமிஷம். மாமியார் ஊருக்கே கேட்கிற மாதிரி ஆரம்பித்தார்: “நாந்தான் சொன்னேன்ல? எங்க தம்பி மகன உக்கார வைங்க. மாமனாம் மாமன்!”

பொன்னுத்தங்கம் வாசலைப் பார்த்தார். சீர்த்தட்டோடு அண்ணிதான் வந்துகொண்டிருந்தார். பின்னால் யாரும் இல்லை. ஓடிப்போய் அவர் கையைப் பிடித்தார்.

“மதினி, நீங்க உக்காருங்க.”

“பொம்பள மடியிலயா?” என்றார் மாமியார்.

“எங்கண்ணன் சார்பா வந்தவுக இவுகதான். இவுக மடிதான் மாமன் மடி. ஆசாரி, ஊசிய எடுங்க.”

ஐஸ்வர்யா சம்மணம் போட்டு உட்கார்ந்தார். குழந்தை ஒருமுறை வீறிட்டது, பிறகு அத்தையின் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு அடங்கியது. பூசாரி மணி அடித்தார். தெய்வக்குற்றம் ஒன்றும் நேரவில்லை. மாமியார் பட்டுப்பாவாடையின் கரையைத் தடவிப் பார்த்துவிட்டு நல்ல பட்டுத்தான் என்று ஒப்புக்கொண்டார்.

பத்தே காலுக்கு அண்ணாச்சி வந்தார். பெட்ரோல் வாங்கப் போனால் காரை யார் பார்ப்பது? ஆகவே தள்ளிக்கொண்டே வந்தார். எடை குறைத்ததில் கண்ட பலன் இதுதான். ஒரே ஆள் தள்ளலாம். வேர்த்து ஊற்றியது. வந்து நின்றதும் தங்கையைப் பார்த்துக் கேட்டார்:

“ஏளா, கார எங்கன நிழல்ல போடுறது?”

பொன்னுத்தங்கம் வேப்பமரத்தைக் காட்டினார். சண்டை போடவில்லை, அழவில்லை. இலை போட்டு, பக்கத்தில் இருந்து பரிமாறினார். சாம்பார் தீர்ந்திருந்தது, ரசம் இருந்தது. இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு அண்ணாச்சி தொந்தியைத் தடவிப் பார்த்து, “இன்னைக்கு ரெண்டு கிலோவாவது குறைஞ்சிருக்கும்” என்றார்.

கிளம்பும்போது தங்கை வாசல் வரை வந்தார். “அடுத்த மாசம் புது வீட்டுக்குப் பால் காய்ச்சுறோம்ணே. மதினிய முந்துன நாளே அனுப்பிருங்க. நீங்க ஒண்ணும் அவசரப்படாதீக, மெதுவா வாங்க.”

குட்டியானை டிரைவர் வாங்கி வந்த பெட்ரோலை ஊற்றிக்கொண்டே அண்ணாச்சி மனைவியிடம் சொன்னார்: “பாத்தியா, என் தங்கச்சிக்கு என் மேல எம்புட்டு அக்கறை!”

உங்களிடம் ஸ்போர்ட்ஸ் கார் கிடையாது, இது உங்களைப் பற்றியதல்ல என்று நீங்கள் நிம்மதியாக இருக்கலாம். இருங்கள். ஆனால் கடைசியாக உங்கள் சொந்தத்தில் நடந்த விசேஷத்துக்கு உங்களை எத்தனை மணிக்கு வரச் சொன்னார்கள்? நேரம் சொன்னார்களா, மெதுவாக வாருங்கள் என்றார்களா? யோசித்துப் பாருங்கள். அவசரமில்லை.